குளிக்க நல்ல இடம்

"இங்கன குளிக்கலாமா?"

பாண்டியராஜ் கேட்டார். மகள் கேட்ட அதே கேள்வி. அவள் கேட்ட அதே கரை. அவளுக்குப் பதில் சொன்ன அதே ஆள்.

ஆளைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. வலக்காது கேளாதவன், கழுத்தில் ஜெபமாலை போட்டவன் என்று மகள் சரண்யாதேவியின் தோழிகள் அடையாளம் சொல்லியிருந்தார்கள். வேம்பார்ப் பேருந்திலிருந்து இறங்கி உப்பளங்களைக் கடந்து வந்தபோது, கரையேற்றிய படகொன்றின் நிழலில் அந்தக் காதும் அந்த ஜெபமாலையும் உட்கார்ந்திருந்தன. பெயர் பர்னபாஸ் என்று வழியில் யாரோ சொன்னார்கள். பெயரைக் கேட்டு அவருக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

அவளோடு பெங்களூரில் வேலை பார்த்த பெண்கள் விடுமுறைக்குக் கடற்கரைகளைப் பங்கு பிரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். பலகையில் நின்று அலையேற மணப்பாடு. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கத் திருச்செந்தூர். நீந்துவதற்கு மட்டும் ஓர் இடம் அமையவில்லை. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சரண்யாதேவியிடம் விட்டார்கள். தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தவள் அவள் ஒருத்திதான்.

அலை அடங்கிய, ஆளரவமில்லாத இந்தக் கரையை அவள் தேர்ந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிடவில்லை. கேட்டாள். நல்ல இடம் என்றான் இவன். சொல்லிவிட்டுப் படகேறிப் போய்விட்டான்.

தண்ணீருக்குள் சற்றுத் தள்ளித் தரை முடிந்தது. தரை முடிந்த இடத்தில் நீரோட்டம் தொடங்கியது. ஆற்று நீச்சல் அதற்குப் போதவில்லை.

பாண்டியராஜ் அடிப்பதற்காகத்தான் வந்திருந்தார். அதே பொய்யை அதே வாயிலிருந்து ஒருமுறை கேட்டுவிட்டு அடிப்பதே முறை என்று அவருக்குப் பட்டது. கைக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டார்.

பர்னபாஸ் இடக்காதைத் திருப்பினான்.

"என்ன அண்ணாச்சி?"

"குளிக்கலாமான்னு கேட்டேன்."

பக்கத்தில் இருந்த ஜெனோ என்ற இளைஞன் பாண்டியராஜின் வயிற்றை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பர்னபாஸிடம் சொன்னான். "இந்தத் தொந்தி முங்கணும்னா ரெண்டு கல்லுல்லா கட்டணும், மாமா!"

மகள் மூழ்கிய தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மூழ்குவதைப் பற்றிச் சிரிக்கிறார்கள். பாண்டியராஜின் வலக்கை தானாக மடங்கி இறுகியது.

"ஏலே, சும்மா கெட" என்று அவனை அதட்டிவிட்டு பர்னபாஸ் எழுந்து நின்றான். "அண்ணாச்சி, சங்கு குளிக்கவா, சும்மா குளிக்கவா? அத மொதல்ல சொல்லும்."

"குளிக்கிறதுல என்னவே ரெண்டு?"

"உமக்கு ஒண்ணுதான். நாங்க குளிக்கப் போறோம்னா, அடிவரைக்கும் முங்கிச் சங்கு எடுக்கப் போறோம்னு அர்த்தம். அதுக்கு இது நல்ல எடம். ஒடம்பு நனைக்க எறங்கினீரோ, நேரா மேல்லோகம்."

முத்துக்குளித்தல் என்ற சொல்லைப் பாண்டியராஜ் பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தார். அதற்குள் ஒரு குளித்தல் இருப்பதை இப்போதுதான் கண்டார்.

இறுகிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியே வைத்துக்கொண்டார்.

"எல்லார்ட்டயும் இப்படித்தான் கேப்பீரா?"

"இப்பத்தான் கேக்குதேன்." பர்னபாஸ் ஜெபமாலையைப் பற்றிக்கொண்டார். "ஒரு புள்ள போயிட்டு, அண்ணாச்சி. அதுக்கப்புறம் இதக் கேக்காம ஒருத்தருக்கும் பதில் சொல்லுறதில்ல."

ஜெனோ தலையைக் குனிந்துகொண்டான்.

"டவுன்லேருந்து வாரதுக அம்புட்டும் ஸ்விம்மு, ஸ்விம்முன்னுதான் கேக்கும். ஆத்தாடி, இழுத்துட்டுப் போயிரும், வேற கரைக்குப் போங்கன்னு வெரட்டி விட்டுருவோம். அந்தப் புள்ள மட்டும் எங்க வீட்டுப் புள்ள கணக்கா, குளிக்கலாமான்னு கேட்டுச்சு. எங்க தொழில விசாரிக்குதுன்னு சந்தோசமாப் போச்சு எனக்கு. நல்ல எடம் தாயின்னேன்."

பர்னபாஸின் குரல் உடைந்து, பிறகு கனத்தது. அது அழுகையன்று. கோபம் எத்தகையது என்பதைப் பாண்டியராஜ் இந்த நாள்களில் நன்கு அறிந்திருந்தார்; அங்கே இருந்தது அதுதான்.

"அது அந்தப் புள்ள பேச்சே இல்ல, அண்ணாச்சி. வாயில ஒட்டாம வந்துச்சு. யாரோ சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்கான். அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."

பர்னபாஸின் விரல்கள் மடங்கின.

பாண்டியராஜின் காதில் மகளின் கடைசித் தொலைபேசி அழைப்பு கேட்டது. காரின் இரைச்சல், தோழிகளின் சிரிப்பு, அவற்றுக்கு மேலே அவள் குரல்.

"கரையில ஆளுங்க நிக்காங்கப்பா. ஸ்விம் பண்ணலாமான்னு கேட்டுக்கிடுதேன்."

"அதென்னளா ஸ்விம்மு? அவங்களுக்கு வெளங்க வேண்டாமா? குளிக்கலாமான்னு தமிழ்ல கேளு."

பாண்டியராஜ் கையை விரித்தார். விலகிப் போய்விடாமல் ஓரடி முன்னால் வைத்தார்.

இப்போது அவர், பர்னபாஸின் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றார்.