மீதிப் பாதி

"இப்பல்லாம் எவன் கல்லறையைச் சுத்தம் பண்றான்? வருசத்துக்கு ஒரு நா வாராக. மெழுகுவத்தியை ஒட்டவச்சு செல்போன்ல படம் புடிக்கிறாக. பிரியாணி ஆறிப்போகும்னு ஓடுறாக!"

கல்லறைத் திருநாள். திண்டுக்கல் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தபடி கிழவர் பொருமினார்.

சென்னையிலிருந்து வந்திருந்த, தலை நரைத்த மணிமேகலை அந்தக் கல்லறையில் பொறித்திருந்ததைப் படித்தாள். 'செபாஸ்தியம்மாள், ஆசிரியை.' அவ்வளவுதான். அவளுக்குக் கண் கலங்கியது.

"பெரியவரே, இவங்க வீட்டுக்காரர் அந்தோணிமுத்துவைத் தெரியுமா? நாகல் நகர் வீடு பூட்டிக் கிடக்கு."

"எதுக்கு?"

"இவங்க கணக்குல ரொம்பப் பெரிய ஆளு."

"ஆறாப்பு புள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தவ. இதுல என்ன பெரிய ஆளு?"

"அது பள்ளிக்கூடத்துல. மிச்ச நேரமெல்லாம் பகா எண்களைப் பத்தி ஒரு கேள்வியோட மல்லுக்கட்டினாங்க. உலகத்துலயே யாருக்கும் அப்ப விடை தெரியாது. பாதி விடையைச் சென்னைக்கு அனுப்பினாங்க. 'மீதியையும் முடிச்சுட்டேன், சுத்தமா எழுதி அனுப்புறேன்'னு ஒரு கார்டு வந்தது. அப்புறம் முப்பது வருசமா ஒண்ணுமே இல்லை. போன மாசம் வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் அதை முடிச்சுப் பேர் வாங்கிட்டார். இவங்க அப்பவே முடிச்சாங்கன்னு காட்ட அந்தத் தாள் வேணும்."

"இருக்காது. வெந்நி அடுப்புல போயிருச்சு."

"ஐயோ! யாரு எரிச்சது?"

"புருசன்தான். மெட்ராஸ்ல இருந்து எவனோ மாசாமாசம் கடுதாசி போட்டான். வீட்டுக்கு வராது, பள்ளிக்கூடத்துக்குத்தான் வரும். ஒரு நா பெட்டியைத் தொறந்தா பூராவும் கொக்கியும் கோடும். நல்ல சேதின்னா தமிழ்ல எழுத வேண்டியதுதான? கள்ளத்தனம் பண்றவகதான் அடுத்தவனுக்குப் புரியாம எழுதுவாக. அம்புட்டையும் அள்ளிக் கொளுத்துனான். அவ அழுவக்கூட இல்ல. ஆனா சாகுற வரைக்கும் அவன்கூட ஒரு வார்த்தை பேசலை."

"உங்களுக்கு எப்படி இவ்வளவும் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்."

மணிமேகலை ஓர் அடி முன்னால் வந்தாள். "அந்தக் கடிதமெல்லாம் எழுதினது நான்தான் பெரியவரே. எல்லாம் கணக்கு. வீட்டு விலாசம் வேண்டாம், அவருக்குப் பிடிக்காதுன்னு இவங்கதான் சொன்னாங்க."

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயா? நீ பொம்பளையாச்சே!"

அவள் கைப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு கார்டை எடுத்து நீட்டினாள். கிழவர் சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். அந்தக் கையெழுத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அவரைப் பார்த்து இதை மட்டும் சொல்லணும். உயிரோட இருக்காரா?"

கிழவர் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை வாளிக்குள் போட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒச்சம்மாள் சத்தமாகக் கேட்டாள்:

"ஏண்ணே அந்தோணிமுத்தண்ணே, வருசா வருசம் சுண்ணாம்பு மட்டும் அடிச்சாப் போதுமா? பொண்டாட்டிக்கு இந்த வருசமாச்சும் ஒரு மெழுகுவத்தி ஏத்தக் கூடாதா?"

"கணக்குக்கு எவளாச்சும் மாசாமாசம் கடுதாசி போடுவாளா..." என்று முணுமுணுத்தபடி, அவர் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்.