வெள்ளைக் கோடு

ஜப்பானின் தொயொஹாஷியில், நகாசேயின் கார் பட்டறையில், நட்டை இறுக்கியதும் அதன்மேல் வெள்ளைக் கோடு போடுவார்கள். கோடு போட்ட நட்டில் இன்னொருவர் ஸ்பேனர் வைத்தால், போட்டவனைக் கேவலப்படுத்துவதாக அர்த்தம்.

மிகாமி பழைய கார்களை மட்டும் பார்ப்பவன், இடதுகைக்காரன். அவன் கோடு இடப்பக்கம் சாய்ந்துதான் விழும். அவனை ஃபோர்மேன் ஆக்கிய வாரம், வயிற்றெரிச்சலில் சக மெக்கானிக் சுகியுரா ஒரு பழைய காரின் ஸ்டியரிங் நட்டை இறுக்காமலே கோடு போட்டுவைத்தான். மிகாமி அந்தக் கோட்டை நம்பி மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்கப் போனான். திரும்பி வந்தது கார் மட்டும்தான், அதுவும் கிரேனில்.

மூன்று வருடம் கழித்து, சுகியுரா ஒரு புதுக் காரில், குறை கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டரைச் சொருகினான். குறை எதுவும் இல்லை என்று திரை காட்டியது.

"இதுக்கெல்லாம் கோடு எதுக்கு, முதலாளி? அதுவே சொல்லிடுது."

"அப்புறம் ஏன்யா போட்டிருக்க?" டார்ச் அடித்தபடி கேட்டார் நகாசே.

ஸ்டியரிங் நட்டில் வெள்ளைக் கோடு. இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

சுகியுரா கோட்டிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான். "நான்தான் போட்டேன்."

"இறுக்கிட்டுதானே போட்ட?"

"என்ன முதலாளி, என்னையே சந்தேகப்படுறீங்களா?"

"சேச்சே. உன் கோட்டை நான் தொடுவேனா? ஓட்டிப் பாத்துட்டு வா."

அவர் கண்ணெதிரே, தன் கோடு என்று சொன்னதில் அவனாலும் ஸ்பேனர் வைக்க முடியவில்லை. கம்ப்யூட்டரைக் கழற்றாமல், திரையை நம்பிக் கிளம்பினான்.

மலைப்பாதையில், மிகாமியின் கார் கவிழ்ந்த அதே வளைவில், ஸ்டியரிங் அவன் கையில் லேசாகச் சுழன்றது. சக்கரங்கள் திரும்பவில்லை. திரையில் பச்சை எழுத்து எரிந்தது: குறை எதுவும் இல்லை.