மகளுக்கு வராத எழுத்து

"அணை உடைந்துவிட்டது. தாழ்வான பகுதிகளில் வாழ்பவர்கள் உடனே மேட்டுக்குச் செல்லுங்கள்."

செல்போனில் வந்த வீடியோவில் செய்தி வாசித்தது டிவியில் வேலை பார்க்கும் அவர்களுடைய மகளேதான். அம்மா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கிளம்புங்க! நம்ம பொண்ணே சொல்றா."

"பதறாதே. போன மாசம் இதே மூஞ்சியை வச்சு, குடிதண்ணியில விஷம்னு ஏஐ-ல ஒரு வீடியோ பண்ணி ஊரையே அலற விட்டாங்களே, மறந்துட்டியா?"

"அது பொய்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க!"

"அதுல 'ழ' சுத்தமா வந்துச்சு. உன் பொண்ணுக்கு என்னைக்கு வந்திருக்கு? மழை அவளுக்கு மளைதான். இப்பக் கேளு."

அப்பா மறுபடி ஓடவிட்டார். தாழ்வான. வாழ்பவர்கள். 'ழ' அழகாக உருண்டது.

"அப்பாடா, இது அவ இல்லை," என்றாள் அம்மா.

எதிர்வீட்டுக்காரர் மூட்டையும் பிள்ளைகளுமாக ஓடிவந்தார். அப்பா வாசலில் நின்று சிரித்தார்.

"போலி சார்! பெத்தவன் சொல்றேன், உள்ளே போங்க."

தெருவே கதவைச் சாத்திக்கொண்டது.

போன் அடித்தது. மகள்.

"அம்மா, மேட்டுக்குப் போயிட்டீங்கல்ல? நான் வாசிச்சதைப் பாத்தீங்கல்ல?"

"அது நீ இல்லையேடி. 'ழ' சரியா வந்துச்சே!"

மகளின் குரல் உடைந்தது.

"அந்தப் போலி வீடியோவைப் பாத்துட்டு, 'மெஷினே உன்னைவிட நல்லா வாசிக்குது'ன்னு அப்பா கிண்டல் பண்ணாரே. அன்னையிலேர்ந்து தினமும் பழகினேன்மா. ஓடுங்கம்மா!"

அப்பா வாசலுக்குப் பாய்ந்தார். தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. படியில் அவர் கழற்றிப் போட்டிருந்த செருப்பு மிதந்துகொண்டிருந்தது.