கர்ச்சீப் விழாத கம்ப்யூட்டர்

"பென்டியம்தாம்லே வருது. எழுதி வச்சுக்க"ன்னான் ஆஸ்டின்.

"கலர் மானிட்டரு உண்டு. ஸ்பீக்கரும் வரும்"ன்னான் ஜெயக்குமார்.

"மாவாட்டுற கல்லும் சேந்து வருதாம். வீட்டுல சொல்லி அரிசிய ஊறப்போடு"ன்னான் கோட்டைச்சாமி.

பாலிடெக்னிக்கை ரெண்டாம் வருசத்துலயே விட்டவன் கோட்டைச்சாமி. பேச்சை மட்டும் விடல.

அருப்புக்கோட்டையில ஜெப ஷீலா மிஸ்ஸோட கம்ப்யூட்டர் சென்டர்ல ஒரு மாசமா இதே பேச்சுத்தான். இருக்குற நாலு பெட்டியில மூணை மாத்தப்போறாக.

திங்கக்கெழம காலையில வந்து எறங்குச்சு. மூணும் பளபளன்னு கலரு.

"எல்லாத்துலயும் எட்டு எம்.பி. மெமரி"ன்னு சொல்லிட்டு, மிஸ் கண்ண மூடி ஜெபம் பண்ணுனாக. அவுக ஆமென் சொல்லுறதுக்குள்ள மூணு நாற்காலியிலயும் கர்ச்சீப் விழுந்துருச்சு. பஸ்ஸுல சன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊரு. இங்கயும் அதே சட்டம்தான்.

மூலையில மஞ்சக்காமாலை வந்த மாதிரி நின்ன நாலாவது பழைய பெட்டிய எவனும் திரும்பிப் பாக்கல.

திருச்சுழி பஸ்ஸு பத்து மணிக்குத்தான் வரும். அதுல வந்து எறங்குன பிருந்தாவ மிஸ் மூலைக்குக் கை காட்டுனாக.

"அதுல உக்காரும்மா."

அந்தப் புள்ள தாவணி முந்தியால பெட்டி மேல தூசியத் தொடச்சுது.

கோட்டைச்சாமிக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு.

"ஏன் மிஸ், அடுத்த வாரம் மில்லு ஆபீஸ்ல வேலைக்கு டெஸ்ட் எழுதப்போறது அவ. அந்தப் பெட்டி கண்ணு முழிக்கவே அரை மணி நேரமாகும். நாங்க சீட்டு வெளையாட வாரோம், எங்களுக்குப் புதுசா?"

"உன் வேலையப் பாரு."

"பாக்க மாட்டேன். இந்த அநியாயத்த ஊருக்கே காட்டுறேன், பாருங்க."

சொல்லி முடிக்கல, கரண்டு போயிருச்சு. வெக்கை தாங்காம எல்லாரும் வாசலுக்குப் போனாக. கோட்டைச்சாமி மட்டும் நகரல. டிராயர்ல கெடந்த திருப்புளிய எடுத்தான். உள்ள இருக்குற துருவ எல்லாருக்கும் காட்டிட்டா, மிஸ் மூஞ்சிய எங்க கொண்டு போய் வைப்பாக?

நாலு திருகாணி. மூடியத் தூக்குனான்.

துரு இல்ல. போர்டு புத்தம் புதுசு. மெமரியில ஒட்டியிருந்த சீட்டச் சன்னல் வெளிச்சத்துல படிச்சான். பதினாறு எம்.பி. புதுப் பெட்டிகள்ல இருக்குறதப்போல ரெண்டு மடங்கு.

"மூடு அத."

பின்னால மிஸ் நின்னாக.

"மிஸ்... இத அந்தப் புதுப் பெட்டியிலயே போட்டிருக்கலாம்ல?"

"போட்டா? பத்து மணி பஸ்ஸுல வாரவளுக்கு மிஞ்சுமா?" மிஸ் கொரலத் தாழ்த்துனாக. "அந்த ரெண்டாவது நாற்காலியில கெடக்கே கட்டம்போட்ட கர்ச்சீப், அது யாருது?"

கோட்டைச்சாமி மூடிய எடுத்துப் பெட்டி மேல வச்சான். கர்ச்சீப் அவனோடது.

கரண்டு வந்துச்சு. மொத ஆளா உள்ள நொழஞ்ச ஆஸ்டின் அவன் கையில திருப்புளியப் பாத்துட்டான்.

"என்னலே, தெறந்து பாத்தியா? உள்ள என்ன இருக்கு?"

கடைசித் திருகாணிய இறுக்கிக்கிட்டே கோட்டைச்சாமி சொன்னான்:

"கரப்பான் குடும்பம் நடத்துது. அடுத்த வாரம் வரைக்கும் எவனும் கிட்ட வந்துராதீக."