எண்ணெய்த் தாங்கிக்கு முன்னால் ஒரு மான்

சீனன்குடா முள்வேலியோரம் வேன் வெயிலில் நிற்கிறது. சிப்பாய் ஒருவன் உள்ளேயிருக்கும் நாலு ஜெர்மன்காரரின் கமராக்களிலிருந்தும் பிலிமை உருவி வெளிச்சத்தில் விரிக்கிறான். சுருள்கள் அவன் பூட்ஸைச் சுற்றிப் பளபளக்கின்றன. வழிகாட்டி ஸுஹைர் வேனைவிட்டு இறங்கி நிற்கிறான். படமெடுக்கத் தடையான இந்த இடம் வந்தால், கடலைப் பாருங்கள் என்று எல்லாத் தலைகளையும் மறுபக்கம் திருப்பிவிடுவதுதான் அவன் வழக்கம். இன்றைக்கு, ஒரு மிருகத்தையும் காணவில்லையென்று வழிநெடுக முணுமுணுத்தவர்களிடம், "அந்தா மான்!" என்று அவனே கைநீட்டிவிட்டான். மானுக்குப் பின்னால் வரிசையாக எண்ணெய்த் தாங்கிகள்.

"மான் காட்ட வேற இடம் கிடைக்கேல்லையோ தம்பி?" சாரதி பாக்கியரத்தினம் பல்லைக் கடிக்கிறார்.

"வாய் முந்திட்டுது அண்ணே."

சிப்பாய் கையை நீட்டுகிறான். ஸுஹைர் சட்டையில் குத்தியிருக்கும் வழிகாட்டி பட்ஜைக் கழற்றப் பார்க்கிறான். அது போனால் தொழிலும் போச்சு. ஊசியோ சட்டையை விட்டு வர மறுக்கிறது.

"நீ நில். வேன் போ" என்கிறான் சிப்பாய், அரைகுறைத் தமிழில்.

வேன் உறுமிக்கொண்டு நகர்கிறது. ஸுஹைருடைய வீடு இங்கேதான் என்று நினைத்தாளோ என்னவோ, பின்கண்ணாடியில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக் கையசைக்கிறாள். உத்தியோகப் பழக்கம், ஸுஹைரும் சிரித்துக் கையசைக்கிறான்.