மாடி வீட்டு அப்பா

மாலையில் கார் வந்து நின்றதும், மாடி வீட்டுக் கொரியக் குழந்தை "அப்பா!" என்று கத்தும். கொரிய மொழியிலும் தந்தைக்கு அதே சொல்தான். கீழ்வீட்டு நிலவன் உடனே ஓடிப்போய்க் கதவைத் திறந்து நிற்பான். அவனுடைய அப்பா இறந்ததை அம்மா வளர்மதி அவனிடம் சொல்லவில்லை. வெளியூர் வேலை என்று சொல்லிவைத்திருந்தாள்.

ஒருநாள் மாடியேறினாள்.

"முதல் நாள் இங்கே பிள்ளைங்க கூப்பிட்டது கேட்டு, எல்லாரும் கொரியன் பேசறாங்க நினைச்சேன்" என்று குழந்தையின் அம்மா சிரித்தாள். வளர்மதி தான் வந்த காரணத்தைச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

"கொஞ்ச நாளைக்குத்தாங்க. பாப்பா கத்தாமப் பாத்துக்கங்க."

மறுநாள் கார் வந்தது. மாடியில் சத்தமில்லை. யாரோ மெதுவாகப் படியேறிப் போனார்கள். நிலவன் கதவருகே சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

"அந்தப் பாப்பாவோட அப்பாவும் செத்துட்டாராம்மா?"