வளைவில் எரிந்த விளக்கு

மறுபடியும் அதே வளைவில்தான் அது எரிந்தது.

ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், சறுக்கி ஓடும் கார் மாதிரி ஒரு சின்ன மஞ்சள் படம். அது எரிந்ததும், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி முன்னேறாமல் முனகியது. பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல.

அவளுக்கு முதுகு சில்லிட்டது. போன மழைக்காலத்தில் அவள் கணவனின் பைக் சறுக்கி, ஏரிக்குள் போனது இந்த வளைவில்தான்.

மீதி வழியை ஊர்ந்துதான் கடந்தாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், அவள் வந்து திறக்க வேண்டிய எக்ஸ்ரே அறைக்கு வெளியே கூட்டம் காத்திருந்தது. தலைமை நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை எரிந்தபோதே மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டியாயிற்று. பின்சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்லும் சென்சாரின் பிளக் தளர்ந்திருக்கிறது என்றான். அழுத்தி மாட்டினான். கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. திரும்ப எரிந்தது. சென்சாரையே மாற்றினான். அப்புறமும் எரிந்தது. தினமும் இல்லை. நினைத்துக்கொண்டாற்போல, சில நாட்களில் மட்டும்.

ஒருநாள், விளக்கு எரிந்தபோது அவளையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"சரிங்க. மெதுவாவே போறேன்."

சொன்னதும் அழுகை வந்தது. பயம் கொஞ்சம் குறைந்தது. அதற்குப் பிறகு எரியும்போதெல்லாம் இறந்துபோன கணவனோடு இரண்டு வார்த்தை பேசுவது வழக்கமாகிவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூச்சு விட வீட்டில்தான் யார் இருக்கிறார்கள்? மாமனார் ஒருத்தர். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், மகன் போனபிறகு எந்த வண்டியிலும் ஏறியதில்லை. அவள் கார் வாங்கப்போவதாகச் சொன்னபோது "வேண்டாம்" என்று ஒரே வார்த்தை சொன்னார். அவள் கேட்கவில்லை. அதோடு இருவருக்கும் பேச்சு, "சாப்பிடறீங்களா மாமா", "ம்" என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது.

இந்த முறை மெக்கானிக்கின் பட்டறைக்கே வண்டியைக் கொண்டுபோனாள். அடியில் படுத்துப் பார்த்தவன், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வழக்கமான சிரிப்பு இல்லை.

"அக்கா, உங்களுக்கு வேண்டாதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஏன்?"

"இது தானா தளர்ந்தது இல்ல. யாரோ பிளக்கோட பூட்டை நெம்பி, அதைப் பாதி இழுத்து விட்டிருக்காங்க. சேத்துல விரல் தடம் அப்படியே இருக்கு."

அவன் விளக்கினான். பாதி கழன்ற பிளக், குலுக்கலில் தொட்டும் தொடாமலும் ஆடும். சக்கரம் சறுக்குகிறது என்று எண்ணி வண்டி தானே இன்ஜினை அடக்கிவிடும். அந்த வளைவில் ரோடு குண்டும் குழியுமாகப் பல்லிளித்துக் கிடக்கிறதே, அதனால்தான் அங்கே எரிகிறது. இதை இப்படியே விடக்கூடாது. நிஜமாகவே சறுக்கினால் வண்டிக்குத் தெரியாது, பிடித்து நிறுத்தாது.

அப்படியானால் இத்தனை நாள் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள்?

ராத்திரி கேட்டைப் பூட்டுகிறவள் அவளே. பூட்டிய கேட்டுக்கு உள்ளே இருப்பது இரண்டே பேர்.

அடுத்தடுத்த நாட்களில் விடிவதற்கு முன்பே எழுந்து, திரைச்சீலையின் ஓரமாக நின்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பனி கனமாக இறங்கியிருந்த ஒரு காலையில், காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வெறுங்கால்கள். அசைவில்லை. ஏரிக்கரையில் கிடத்தியிருந்தபோது அவள் கணவனின் கால்களும் இப்படித்தான் இருந்தன. அதே நீளம், அதே விரல்கள்.

ஒரு குதிகால் மெல்ல மண்ணை உந்தியது. வெடிப்போடிய, வயதான குதிகால்.

பயம் போன இடத்தில் ஆத்திரம் வந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

"மாமா."

அவர் வெளியே ஊர்ந்து வந்தார். முழங்கைவரை சேறு.

மனதில் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். கார் வேண்டாம் என்றவர் இப்படியா சாதித்துக்கொள்வது, வேலைக்குப் போகாமல் வீட்டோடு கிடக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டாள். அவர் தலை நிமிரவில்லை. கடைசியில் அவள் குரல் உடைந்தது.

"அந்த பிளக் இல்லேன்னா, சறுக்கும்போது வண்டி பிடிக்காதாம். உங்க பையன் போன இடத்துலயே நானும் போகணுமா?"

அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி, காரைத் தொட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"பிடிக்காதா?" என்றார். "எனக்குத் தெரியாதும்மா. நான் ஓட்டின பஸ்ல இதெல்லாம் இல்ல. மெக்கானிக் மொதல்ல வந்தப்போ, இது தளர்ந்தா வண்டி ஓடாம அடங்கிடும்னு சொன்னான். அது மட்டும்தான் மனசுல நின்னுது."

"அடங்கினா உங்களுக்கு என்ன மாமா?"

அவர் சேற்றுக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் ரூம் ஜன்னல்ல நின்னா அந்த வளைவு தெரியும். நீ தாண்டற வரைக்கும் தினமும் நின்னு பார்க்கறேன். லைட் எரியற அன்னிக்கு மட்டும்தாம்மா நீ அங்க மெதுவாத் திரும்பற."